இரண்டு சாண் தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீயும் உன் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உன்னையும்தான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. நான் மாடியில் போனில் பேசினால் கீழ் வீட்டுக்காரி அடுப்படியில் நின்றபடி பதில் சொல்லுவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மோட்டார் எரிந்துபோய்விட்டது. எங்கள் வீட்டு ஏற்பாடு உனக்கு நினைவிருக்கும். கீழே கொழுந்தன் குடும்பம், மேலே நாங்கள். தரைக்கு அடியில் ஒரு தொட்டி, மொட்டைமாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார். அதன் சுவிட்ச் என் ஓரகத்தியின் அடுப்படிச் சுவரில், பூட்டிய பெட்டிக்குள். அவள் வந்து வீட்டை மேல் கீழாகப் பிரித்த நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் படியில் நின்று, "ஏம்மா, மோட்டாரைக் கொஞ்சம் போடேன்" என்று கெஞ்சுவதுதான் என் முதல் வேலை. இவ்வளவுக்கும் நான் மூத்தவள். போன வாரம் மகாராணி மோட்டாரைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கீழ்த்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அது வெறும் காற்றை இழுத்து இழுத்துப் புகைந்துபோனது. வீடெல்லாம் கருகல் நாற்றம்.

புது மோட்டார் வந்தாயிற்று. கொழுந்தன், "இனிமே இந்தத் தொல்லையே வேணாம். தானா நிரம்பி தானா நிக்கிற மாதிரி வெச்சிடலாம்" என்றார். உடனே அவள் என்னைப் பார்த்து, "உங்க தம்பிதான் அதுல புலியாச்சே அக்கா. நீங்களே பாத்து செஞ்சிடுங்க. பெட்டியக் கூட உங்க பக்கமே மாட்டிக்குங்க, எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது" என்றாள். சரி என்றேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்காதே.

கடையில் விசாரித்தேன். தண்ணீர் மட்டம் பார்க்கிற சென்சாரிலேயே பல தினுசு இருக்கிறதாம். அந்த ஆள் எதைக் கேட்டாலும் "இதான் பெஸ்ட்" என்கிறான். நீ சொல், எதை வாங்கட்டும்? விவரமாக எழுது. எனக்குப் புரியாது என்று சுருக்காதே.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 19

அக்காவுக்கு, நாங்கள் இருவரும் நலம். எனக்குத்தான் நாலு நாளாக இருமல். பாலைக் குளிரவைக்கும் அறைக்கும் வெளி வெயிலுக்கும் மாறி மாறி ஓடுகிற வேலை அப்படி. முழங்காலுக்கு வைத்தியரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல் தைலத்தோடு மல்லுக்கட்டுகிறாயா?

உங்கள் வீட்டில் மோட்டார் பெட்டி கை மாறுகிறது என்றால் நம்பவே முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தோதாக மூன்று இருக்கின்றன.

மிதவை என்பது ஒயரில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. தண்ணீரோடு ஏறும், இறங்கும். அது சாய்கிற சாய்வில் மோட்டார் ஓடும், நிற்கும். விலை குறைவு, உழைக்கும். ஆனால் அதற்கு ஆட இடம் வேண்டும். தண்ணீர் விழுகிற குழாயில் ஒயர் சுற்றிக்கொண்டால் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அடுத்தது கம்பி. மூன்று ஸ்டீல் கம்பிகள் மூடியிலிருந்து தொங்கும். நீளமானது அடிவரைக்கும் போகும், அது பொதுக் கம்பி. நடுக் கம்பியின் நுனியை விட்டுத் தண்ணீர் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும். குட்டைக் கம்பியைத் தொட்டால் நின்றுவிடும். உங்கள் தண்ணீர் உப்பு, அதனால் கம்பியில் படிவு பிடிக்கும். அவ்வப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஒலியை வைத்து அளப்பதும் உண்டு. மூடிக்கு அடியில் உட்கார்ந்து சத்தம் அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பார்க்க அழகு. ஆனால் மூடி வேர்த்து அதன் முகத்தில் துளி நின்றால் உளறும். இங்கே எங்கள் ஆலையில் ஒன்று நுரையைப் பால் என்று நம்பி, பாதித் தொட்டியை முழுத் தொட்டி என்று சத்தியம் செய்தது. மேஸ்திரி என்னைத்தான் காய்ச்சினார்.

உங்களுக்குக் கம்பிதான் சரி. கீழ்த்தொட்டியில் ஒரு மிதவையும் போட்டுவிடு, தண்ணீர் இல்லாதபோது மோட்டார் ஓடாது.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அப்பா போய் வருஷம் திரும்பப் போகிறது. என்னால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. நீயும் "நிம்மதியாகப் போனார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கடைசி நாட்களில் என்ன பேசினார்? என்னைக் கேட்டாரா? எழுதேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

&nbsp;

மார்ச் 2

தம்பிக்கு, இருமலுக்கு மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடி. இங்கே எல்லோருக்கும் சுகம்தான்.

மூன்றையும் பற்றி நீ நல்லதெல்லாம் சொல்லிவிட்டாய். இப்போது கெட்டதைச் சொல். எது கோளாறு செய்தால் வெளியே தெரியாது? மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே எது காட்டும்? தொட்டியில் தண்ணீர் இருந்தும் ஒருத்தருக்கு மட்டும் வராமல் போகும்படி ஒரு சென்சாரால் செய்ய முடியுமா?

எங்கள் மாடித் தொட்டியைப் பற்றி நான் சொன்னதில்லை. அதில் வெளியே போகும் குழாய் இரண்டு. எங்களுடையது அடியை ஒட்டி இருக்கிறது. கீழ் வீட்டுடையது கொஞ்சம் மேலே. தொட்டி வைத்த காலத்தில் அவள்தான் பிளம்பரிடம் நின்று துளை போடவைத்தாள். "கசடு எங்க வீட்டுக்கு வரக் கூடாது, தெளிஞ்ச தண்ணிதான் வரணும்" என்றாள். கசடெல்லாம் எங்களுக்கு. இப்போது அவளுக்கு அது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

பதிலைச் சீக்கிரம் எழுது.

அக்கா

&nbsp;

மார்ச் 15

அக்காவுக்கு, நலம், நலமே வேண்டும். மிளகு வெந்நீர் குடித்தேன், இருமல் விலகிவிட்டது.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் சென்சார் கேட்டிருக்கிறார்கள். எது நன்றாக வேலை செய்யும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எது நன்றாகக் கெட்டுப்போகும் என்று கேட்ட முதல் ஆள் நீதான். உன் கடிதத்தை இவளிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "உங்க அக்கா எதையோ மனசுல வெச்சுக்கிட்டு எழுதறாங்க" என்றாள்.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தொட்டியையும் இரண்டு குழாய்களையும் நீ எழுதியதுமே புரிந்துவிட்டது. ஆனால் எழுத மாட்டேன். சண்டை போட ஆயிரம் வழி இருக்கிறது அக்கா, அதில் தண்ணீரை இழுக்காதே. கூடப் பிறந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீடு அது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டாய்.

தம்பி

&nbsp;

மார்ச் 24

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய் அல்லவா, வாங்கிக்கொள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் நம் இரண்டு பேரையும் தொட மாட்டார். "ஊரு வேர்வையெல்லாம் எம் மேல இருக்கு, தள்ளிப் போங்க" என்பார். பை நிறையச் சில்லறையோடு நேராகக் கிணற்றடிக்குப் போகிற கண்டக்டர் அவர் ஒருத்தர்தான்.

இங்கே படுக்கையில் விழுந்த பிறகு, துணி மாற்ற நான் நெருங்கினாலே கண்ணை மூடிக்கொள்வார். நான் துணிகளை அலசி மாடியில் காயப்போடுவேன். ஒரு நாள் அதிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழே அவள் புடவையில் விழுந்துவிட்டது. படியேறி வந்தாள். அப்பா காதில் விழும்படியே சொன்னாள், "கெழவன் துணிய அலசறதுக்கே ஒரு தொட்டி தண்ணி போகுது. நாளைக்கு மோட்டாரப் போடறேனா பாருங்க."

சொன்னதைச் செய்தாள். மறுநாள் காலையில் பெட்டியைப் பூட்டி, வீட்டையும் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயாயிற்று. என் குழாயில் முதலில் சேறு வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை. இரண்டு தடவை படுக்கையிலேயே போய்விட்டது. எதிர் வீட்டில் கெஞ்சி ஒரு குடம் வாங்கினேன். அதை வைத்து என்ன செய்ய முடியும் சொல்.

அன்றைக்குத்தான் அப்பாவைப் பார்க்க டிப்போவிலிருந்து அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். அவருடைய டிரைவர் வந்திருந்தார், ஆயுசு முழுக்க ஒன்றாக ஓடியவர். அப்பா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, "கதவச் சாத்தும்மா. நான் இல்லேன்னு சொல்லிடு" என்றார். அந்தப் பெரியவர் மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்து மோட்டாரைப் போட்டாள். போட்டுவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா? "என்னக்கா, மாடியெல்லாம் ஒரே நாத்தம்?"

அன்றைக்குப் பிறகு அப்பா வாயைத் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. உன்னைக் கேட்டாரா என்று எழுதியிருந்தாய். கேட்டார். அன்று ராத்திரி அவர் கடைசியாகப் பேசியதே அதுதான். "தம்பி வர்றதுக்குள்ள என்னைக் குளிப்பாட்டிடும்மா."

நான் குளிப்பாட்டினேன். ஆனால் அப்போது அவர் இல்லை.

உன் மாமாவிடம் சொன்னேன். "விடு, ஏதோ கோபத்துல செஞ்சுட்டா" என்றார். நான் விடவில்லை. யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம். அவளாகவே பெட்டியை என் கையில் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். தண்ணீரை இழுக்காதே என்று எனக்குப் புத்தி சொன்னாயே, அதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது யோசித்துப் பார்.

அக்கா

&nbsp;

மே 29

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. இரண்டு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

தொட்டியின் உயரம் எவ்வளவு? அடியிலிருந்து உன் குழாய் எவ்வளவு உயரம்? அவள் குழாய் எவ்வளவு? டேப் வைத்துச் சரியாக அள. சாண் கணக்கு, முழக் கணக்கு வேண்டாம்.

தம்பி

&nbsp;

ஜூன் 6

என் ராஜாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நீ என் தம்பிதான், சந்தேகமே இல்லை.

டேப் கீழ் வீட்டில் இருக்கிறது. போய்க் கேட்டால், எதற்கு என்பாள். அதனால் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். கயிற்றின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, அடி தட்டும்வரை தொட்டிக்குள் இறக்கினேன். நட்டிலிருந்து முதல் முடிச்சு என் குழாய், இரண்டாவது முடிச்சு அவள் குழாய், மூன்றாவது மூடி. கயிற்றை இத்தோடு வைத்திருக்கிறேன். அளந்துகொள். எந்த டேப்பும் இதைவிடச் சரியாகச் சொல்லாது.

நான் இறங்கி வரும்போது படியில் பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்த வெயில்ல மாடிக்கு?" என்றாள். "உனக்காகத்தாம்மா" என்றேன். அதில் பொய் இல்லையே!

அக்கா

&nbsp;

ஜூன் 20

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். கயிறு வந்தது. இரண்டு முடிச்சுக்கும் நடுவே என் கைக்குச் சரியாக இரண்டு சாண்.

இந்தப் பார்சலில் மூன்று கம்பியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கின்றன. எலக்ட்ரீஷியனிடம் கம்பிகளை இப்படியே மாட்டச் சொல், வெட்டவிடாதே. நடுக் கம்பியின் நுனி அவள் குழாயை விட்டு நன்றாகக் கீழே, உன் குழாய்க்கு நாலு விரல் மேலே நிற்கும்படி நானே வெட்டியிருக்கிறேன். தண்ணீர் அவள் குழாயை விட்டு இறங்கியதும் அவள் வீட்டில் நின்றுபோகும். உனக்கு வந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு சாணும் தீருகிறவரை மோட்டார் ஓடாது. அதைத் தீர்க்கிற ஆள் நீ ஒருத்திதான். நீ துணி துவைத்தால் சீக்கிரம் ஓடும். சிக்கனமாக இருந்தால், இழுத்துக்கொண்டே போகலாம்.

மிதவையாக இருந்தால் எட்டிப் பார்க்கிறவனுக்கு விளங்கிவிடும். இதில் ஒன்றும் தெரியாது. தண்ணீருக்குள் முங்கிய கம்பி நீளமா குட்டையா என்று எவன் பார்க்கப் போகிறான்? கையால் போடுகிற சுவிட்சைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டேன்.

யாரும் செத்துவிட மாட்டார்கள். தவிக்கட்டும். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அப்பா தவித்தாரே, அதில் கால் பங்காவது தவிக்கட்டும்.

தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 10

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் இவ்வளவு சுகமாக இருந்து ரொம்ப நாளாயிற்று. முழங்கால் வலி கூடக் குறைந்த மாதிரி இருக்கிறது. உங்கள் இருவர் உடம்பும் தேவலையா?

உன் கம்பி பேசுகிறதடா! காலையில் அவள் வீட்டுக் குழாய் முதலில் இருமும், பிறகு சிணுங்கும், பிறகு நின்றுவிடும். நான் மேலே நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். தலையில் சோப்பு நுரையோடு கொழுந்தன் கத்துவார். அவள் படிக்குக் கீழே வந்து நின்று, "அக்கா, உங்களுக்குத் தண்ணி வருதா?" என்பாள். "ஆட்டோமேட்டிக்ம்மா, அதுவா போடும்" என்பேன். எனக்குத் தோன்றும்போது இரண்டு வாளி துணியை அலசுவேன், மோட்டார் ஓடும். தோன்றாவிட்டால் அலச மாட்டேன்.

ஒரு தடவை கொழுந்தன் மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள தண்ணி கெடக்கே!" என்று பிளம்பரைக் கூப்பிட்டார். அவன், "குழாய்ல காத்து அடச்சிருக்கு சார்" என்று வாயை வைத்து ஊதினான். கன்னம் இரண்டும் பூரித்துக் கண் பிதுங்கியது. அதற்குள் நான் போர்வைகளை நனைத்துவிட்டேன், மோட்டார் ஓடிற்று, தண்ணீர் வந்தது. "பாத்தீங்களா, அடைப்பு போயிடுச்சு" என்று அவன் கூலி வாங்கிக்கொண்டு போனான். நான் உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன்.

உன் மாமாதான் பாவம். இழுத்துப் பிடிக்கிற நாட்களில் நாங்களும் அரை வாளியில்தான் குளிக்கிறோம். "மேல தண்ணி இருக்கில்ல, எதுக்குடி இப்படி?" என்கிறார். சிக்கனம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நிஜமான சேதியே இனிமேல்தான். அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாளாம். அடுத்த வாரம் இங்கே கூட்டி வருகிறார்கள். இனி எழுந்து நடக்க மாட்டாளாம், எல்லாம் படுக்கையில்தான். எங்கள் அறைக்கு நேர் கீழ் அறையில்தான் கட்டில் போடுகிறார்கள்.

தேடிப் போனாலும் இப்படி அமையாது. நான் காத்திருக்கிறேன்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 2

அக்காவுக்கு, உன் நலம் அறிய ஆசை. இங்கே சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. இவள் உண்டாகியிருக்கிறாள். முன்பு இரண்டு தடவை நிற்காமல் போனதால் இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது டாக்டரே பயமில்லை என்று சொல்லிவிட்டார். நவம்பர் கடைசியில் பிரசவம். அவளுக்கும் அம்மா இல்லை, நமக்கும் இல்லை. நீ வந்து ஒரு மாதமாவது எங்களோடு இருக்க வேண்டும். "அக்கா வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன கடிதத்தில் பிளம்பர் கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாள் நமக்கு என்ன செய்தார் அக்கா? நான் கம்பியை வெட்டும்போது உன் ஓரகத்தியைத்தான் நினைத்து வெட்டினேன். படுக்கையில் கிடக்கிற ஒருத்தரை நினைத்து வெட்டவில்லை.

இத்தோடு ஒரு குட்டைக் கம்பி அனுப்புகிறேன். நடுக் கம்பியைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல், இதன் நுனி அவள் குழாய்க்கு மேலே நிற்கும். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் நிற்காது. பட்டது போதும், அவளும் பட்டுவிட்டாள். மாட்டிவிட்டுக் கிளம்பி வா. பயணத்துக்குச் சீட்டு எப்போது போட வேண்டும் என்று எழுது.

தம்பி

&nbsp;

அக்டோபர் 18

என் தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் அக்காவின் ஆசீர்வாதம். சேதியைப் படித்ததும் அடுப்பை அணைக்கக் கூட மறந்துவிட்டேன். பாரம் எதையும் தூக்காமல் இருக்கட்டும். கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொள். இவ்வளவு நாள் ஏன் பதில் இல்லை என்று கோபித்திருப்பாய். முழுக்கப் படி.

உன் குட்டைக் கம்பி வந்தது. அலமாரியில் வைத்துவிட்டேன், மாட்டவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதற்கு அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே அவள் குழாய் நின்றுவிட்டது. நான் துவைக்கவில்லை, குளிக்கவும் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் வாடை மாடிக்கு ஏறியது. பிறகு அவள் வாளியோடு வந்தாள். தலையைக் கூட வாரவில்லை. "அக்கா, அம்மா படுக்கையிலேயே போயிட்டாங்க. ரெண்டு தடவை. குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு வாளி குடுங்கக்கா."

அவளிடம் சொல்ல ஒரு வாக்கியத்தை ஒன்றரை வருஷமாக வைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். "கெழவி துணிய அலசறதுக்கே ஒரு தொட்டி தண்ணி போகுது."

அவள் முகம் செத்துப்போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமாக்கா, என்ன பண்றது, பெத்தவளாச்சே" என்றாள். அவ்வளவுதான். அது தன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வாளியை நானே தூக்கிக்கொண்டு கீழே போனேன். இரக்கப்பட்டு இல்லை, பார்க்க வேண்டும் என்றுதான். என்னைக் கண்டதும் அந்த அம்மாள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாளியை இறக்கிவைத்தேன். ஓரகத்தியிடம் நேராகவே கேட்டேன். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு நாள் ஆச்சு. ஞாபகம் இருக்கா?"

துணியைப் பிழிந்துகொண்டே அவள் சொன்னாள், "அப்படியா அக்கா? எப்போ? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தண்ணி குடுத்திருப்பேனே!"

அவள் பொய் சொல்லும்போது முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அது பொய் இல்லை. மறந்துவிட்டாள். நிஜமாகவே மறந்துவிட்டாள். நான் ஒரு நாளில் எத்தனை தடவை நினைத்து நினைத்து வெந்தேனோ, அது அவள் கணக்கில் ஒரு நாளாகவே இல்லை.

அதோடு விட்டாளா? "உங்க தம்பிய ஒண்ணும் சொல்லிடாதீங்கக்கா, மெஷின்னா அப்பப்ப கோளாறு வரத்தான் செய்யும். நீங்க இருந்தீங்க, தெய்வம் மாதிரி வந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டேன். இத்தனை மாதமும் அவள் குழாயைத் திட்டியிருக்கிறாள், பிளம்பரைத் திட்டியிருக்கிறாள், மெஷினைத் திட்டியிருக்கிறாள். என்னை ஒரு தடவை கூடத் திட்டவில்லை. அப்பாவுக்காக நான் வாங்க வேண்டிய பழியை ஒரு கம்பியின் கையில் கொடுத்துவிட்டேனே! அது செய்தால் யாருக்கு உறைக்கும்?

அந்த அம்மாள் சுத்தமாகிறவரை நான் தண்ணீர் சுமந்தேன். அந்த அம்மாள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, நீ சொன்னது சரிதான்.

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று கம்பியையும் கழற்றிப் போட்டேன். சென்சார் எல்லாம் பழுது, இனி பழைய மாதிரி கையால்தான் என்று கீழே சொல்லிவிட்டேன். இப்போது சாதாரண சுவிட்ச்தான், என் அறைச் சுவரில், பூட்டிய பெட்டிக்குள். சாவி என் இடுப்பில்.

பயப்படாதே, யாருக்கும் தண்ணீர் குறை இல்லை. தொட்டி தினமும் நிரம்புகிறது. அந்த அம்மாள் தினமும் குளிக்கிறாள். ஆனால் காலையில் அவள் மகள் படிக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். "அக்கா, மோட்டாரைக் கொஞ்சம் போடுங்களேன்" என்று கேட்க வேண்டும். அவள் கேட்டதும் நான் கேட்பேன், "அன்னைக்குப் பூட்டிட்டு எங்க போயிருந்தே?" அவள் சிரிப்பாள். "என்னைக்குக்கா?" என்பாள். "சரி, நாளைக்குச் சொல்லு" என்று மோட்டாரைப் போட்டுவிடுவேன். இப்போதெல்லாம் அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்று நான் கேட்டதும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அதைத் தேட ஆரம்பித்துவிட்டாள் தம்பி. என்றைக்காவது ஒரு நாள் கண்டுபிடிப்பாள். அந்த முகத்தைப் பார்த்த நிமிஷமே சாவியை அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

பிரசவத்துக்கு வரச் சொல்லியிருக்கிறாய். பெட்டியை இறக்கி இரண்டு புடவை கூட மடித்து வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு மாதம் நான் அங்கே வந்துவிட்டால் இங்கே காலையில் யார் கேட்பார்கள்? உன் மாமாவிடம் சாவியைக் கொடுத்தால் அவர் ஒன்றும் கேட்காமலேயே மோட்டாரைப் போட்டுவிடுவார். அவளும் திரும்ப மறந்துவிடுவாள்.

உன் பெண்டாட்டியிடம் பக்குவமாகச் சொல். அக்காவுக்கு முழங்கால் வலி, பயணம் ஆகாது என்று சொல். நவம்பருக்குள் கீழ் வீட்டுக்காரிக்கு நினைவு வந்துவிட்டால் அடுத்த வண்டியிலேயே வருகிறேன். வராவிட்டால், குழந்தை பிறந்ததும் யார் ஜாடை என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா